கல்லூரிப் பாடப் பட்டியல் மாறினால் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

பிளஸ் 2 முடிவுகள் வந்த அடுத்த வாரம். அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் கையில் ஒரு தாளோடு நின்றிருந்தார். பக்கத்து ஊர்க் கல்லூரியின் புதிய பாடப் பட்டியல் அது. மகளுக்குக் கணிதத்தில் நல்ல மதிப்பெண். டீச்சராக வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் சிறுவயது ஆசை.

"ஹஜ்ரத், இந்த வருஷம் கணக்கு கிடையாதாம். அதுக்குப் பதிலா ஏஐன்னு ஒண்ணு போட்டிருக்காங்க. அதுல கம்ப்யூட்டரும் வருது, கணக்கும் வருதுங்கிறாங்க. நாளைக்குள்ள பீஸ் கட்டச் சொல்றாங்க. கட்டிரவா?"

"கட்டுங்கள்" என்றோ "கட்டாதீர்கள்" என்றோ நம்மால் உடனே சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மே மாதமும் இப்படி நான்கைந்து பேராவது கேட்டு வருகிறார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் பாடங்களின் பெயர்களும் வகுப்பு நேரங்களும் இப்போது அடிக்கடி மாறுவதால், அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

பட்டியல் மாறுவது புதிதல்ல. நம் மூத்தவர்கள் கல்லூரியில் படித்த புகுமுக வகுப்பு 1978ல் பிளஸ் 2 என்ற பெயரில் பள்ளிக்கூடத்துக்குப் போனது. 2008-09ல் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு விருப்பப் பாட மதிப்பெண் முறை வந்தது. பாடத்துக்கு இத்தனை கிரெடிட் என்று கணக்கிட ஆரம்பித்தது அப்போதுதான். 2022ல் 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் வகுப்புகள் வந்தன. 2023-24ல் உயர்கல்வி மன்றம் எல்லாக் கல்லூரிக்கும் பெருமளவு பொதுவான மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை முன்வைத்தது, தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்களிடமிருந்து எதிர்ப்பும் கிளம்பியது. இடையில் வரலாறு, தத்துவம், இயற்பியல், கணிதம் போன்ற பழைய பாடங்களில் சேருவோர் குறைந்து, கணினிப் பயன்பாட்டோடு கூடிய பி.காம்., தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு, விஷுவல் கம்யூனிகேஷன் ஆகியவை பெருகிவிட்டன.

யார் மாற்றுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் போடுகிறது, கல்லூரி நடத்துகிறது. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடக்குழுவையும் கல்விக்குழுவையும் கூட்டித் தானே பாடத்திட்டம் வகுத்து, தானே தேர்வும் நடத்திக்கொள்ளும். லயோலா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி போன்றவை 1978லேயே இந்த உரிமையைப் பெற்றன. இன்று நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளிலும் தன்னாட்சி பெற்றவை உண்டு. எந்த வகைக் கல்லூரியானாலும் பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம்தான். அதனால் புதிய பாடம் எதைக் கண்டாலும், "பல்கலைக்கழகத்தின் அனுமதி எழுத்தில் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். "வந்துவிடும்" என்ற பதில் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

பி.சி.ஏ., பி.பி.ஏ. என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 2024-25ஆம் கல்வியாண்டு முதல் இந்த இரண்டும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின், அதாவது ஏ.ஐ.சி.டி.இ.யின் வரம்புக்குள் வந்துவிட்டன. அந்த அங்கீகாரம் கல்லூரிக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது பட்டத்தின் பெயர். நாம் பார்த்த வரையில் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது இதில்தான். எதில் பெயர் முக்கியம், எதில் முக்கியமில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கும், ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். பட்டத்தில் கணிதம் என்று இருந்தாலும் செயற்கை நுண்ணறிவு என்று இருந்தாலும் அங்கே வேறுபாடு இல்லை. தனியார் நிறுவனங்களும் பெயரைவிடப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைத்தான் பார்க்கின்றன. ஆனால் ஆசிரியர் பணி, விரிவுரையாளர் பணி, குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் அரசுப் பணிகள் ஆகியவற்றில், அறிவிக்கையில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் 'இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானது' என்ற அரசாணை வேண்டும். பல்கலைக்கழகம் விண்ணப்பித்து, உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பரிசீலித்து, அதன்பின் உயர்கல்வித் துறை அந்த ஆணையை வெளியிடும். இதற்கு ஆண்டுகள் ஆகலாம். இதில் இன்னொரு கட்டமும் இருக்கிறது. வேலைக்கான அறிவிக்கை வெளியாகும் நாளுக்கு முன்பே அந்த ஆணை வந்திருக்க வேண்டும் என்பது டி.என்.பி.எஸ்.சி. விதி. பிறகு வரும் ஆணை அந்தத் தேர்வுக்கு உதவாது.

நமக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். பெயர் சற்று மாறிய ஒரு பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, தேர்வும் எழுதித் தேறினார். சான்றிதழ் சரிபார்ப்பில் இணைத்தன்மை ஆணை கேட்டார்கள். படித்த கல்லூரிக்குப் போனால் "பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள்" என்றார்கள். பல்கலைக்கழகத்தில் "கோப்பு சென்னையில் இருக்கிறது" என்றார்கள். அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. சேரும் நாளிலேயே இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு பாடத்தை எடுத்திருப்பேன் என்று அவருடைய தாயாரிடம் அவர் சொல்லி அழுதது நம் காதுக்கும் வந்தது.

ஆசிரியராக விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் இதை இன்னும் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.எட். சேர, தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் போன்ற பள்ளிப் பாடங்களில் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல், தத்துவம், மனையியல் ஆகியவற்றுக்கு முதுநிலைப் பட்டமும் முடித்திருக்க வேண்டும். ஆக, பி.ஏ. வரலாறு படித்தவர் மூன்று ஆண்டு முடிந்ததும் பி.எட். போகலாம். பி.காம். படித்தவர் எம்.காம். முடித்த பிறகே போக முடியும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பி.காம். நோக்கித்தான் ஓடுகிறார்கள். "டீச்சர் வேலைக்கும் போகலாம்" என்ற எண்ணமும் மனதில் இருக்கிறது. அந்த வழி இரண்டு ஆண்டு நீளமானது என்று யாரும் சொல்வதில்லை. பி.எட். படிப்பும் 2015-16 முதல் இரண்டு ஆண்டாகிவிட்டதைச் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இளநிலையில் வேண்டிய மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும் 45. மேல்நிலை வகுப்புகளுக்கான முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக, அல்லது இணையான பாடமாக, இருக்க வேண்டும். பி.எஸ்சி. ஒரு பாடம், எம்.எஸ்சி. வேறு பாடம் என்று மாறினால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

பயிற்றுமொழியைப் பற்றியும் ஒரு செய்தி. கல்லூரிகள் தமிழ்வழி வகுப்புகளைச் சத்தமில்லாமல் மூடி, அதே பாடத்தை ஆங்கிலவழியில் தொடர்கின்றன. பெற்றோருக்கு இது மகிழ்ச்சியான மாற்றமாகவே தெரிகிறது. ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010ல் வந்தது. 2020ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பள்ளி முதல் அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டும் தமிழ்வழியில் படித்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கிலவழிக்கு மாறினால் குரூப் 1, குரூப் 2 போன்ற பட்டப்படிப்புத் தகுதிப் பணிகளில் அந்த முன்னுரிமையை இழக்கிறது. பத்தாம் வகுப்பே தகுதியாக உள்ள குரூப் 4ல் இழப்பதில்லை. ஆங்கிலவழி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அரசுப் பணியே குறி என்றால் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள் என்கிறோம்.

இனி மொழிப்பாடம். பட்டப்படிப்பின் முதல் பகுதி மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் பாடங்கள் வருகின்றன. ஐந்தாம் பகுதி என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணிகள். முதல் பகுதியில் தமிழுக்குப் பதில் அரபு அல்லது உருது எடுக்கும் வசதி நம் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் நெடுங்காலமாக உண்டு. "அரபு எடுத்தால் மொத்த சதவீதம் குறைந்துவிடுமோ" என்ற பயம் வேண்டாம். முதுநிலைச் சேர்க்கையில் பெரும்பாலும் மூன்றாம் பகுதி மதிப்பெண்ணையே பார்க்கிறார்கள்.

அரபு எடுத்த பிள்ளைக்குத் தமிழ் முற்றாக விட்டுப்போவதும் இல்லை. பிளஸ் 2 வரை தமிழ் படித்தவர் நான்காம் பகுதியில் 'சிறப்புத் தமிழ்' என்று இரண்டு தாள் எழுத வேண்டும். தமிழே படிக்காதவருக்கு 'அடிப்படைத் தமிழ்'. இந்தத் தாள்களை நம் பிள்ளைகள் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயமாகிவிட்டது, அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கூடவே, அரபு எந்தப் பிரிவில் நடக்கிறது என்றும் கேளுங்கள். சில இடங்களில் காலைப் பிரிவில் மட்டும் அரபு ஆசிரியர் இருப்பார். மாலைப் பிரிவில் சேர்ந்த பிறகு "இங்கே தமிழ் மட்டும்தான்" என்பார்கள்.

காலை, மாலை என்ற இந்தப் பிரிவினை வெறும் நேரம் சார்ந்ததல்ல. பெரும்பாலான உதவி பெறும் கல்லூரிகளில் முதல் ஷிஃப்ட் அரசு உதவி பெறும் பிரிவு. இரண்டாம் ஷிஃப்ட் சுயநிதிப் பிரிவு. ஒரே கட்டடம், ஒரே பாடம், ஒரே பட்டம் என்றிருந்தும் கட்டணம் வேறு. புதிதாக வரும் பாடங்கள் ஏறக்குறைய எல்லாமே சுயநிதிப் பிரிவில்தான் வருகின்றன. பட்டியலில் ஒரு பாடம் 'மாற்றப்பட்டது' என்றிருந்தால், அது உதவி பெறும் பிரிவிலிருந்து சுயநிதிக்கு மாறியதா என்று பாருங்கள். மூன்றாண்டுக் கட்டணத்தை ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் சொல்வது பல அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது.

நேர அட்டவணையில் வெளியாருக்குப் புரியாத ஒரு விஷயம் 'டே ஆர்டர்'. திங்கள், செவ்வாய் என்று கிழமைக்கு ஒரு அட்டவணை இருக்காது. முதல் நாள் வரிசை, இரண்டாம் நாள் வரிசை என்று ஆறு வரை போகும். நாளுக்கு ஐந்து மணி நேரம், மொத்தம் முப்பது. நடுவில் விடுமுறை வந்தால் வரிசை நகர்ந்து அடுத்த வேலை நாளில் தொடரும். ஆகவே எந்த வரிசையும் எந்தக் கிழமையிலும் வரலாம். இந்த வாரம் வெள்ளிக்கிழமை நான்காம் மணி நேரம் நூலக வகுப்பாக இருக்கும். அடுத்த வெள்ளி அதே நேரம் செய்முறை வகுப்பாகிவிடும். ஜுமுஆவுக்குப் போகும் மாணவனுக்கு இது பெரிய சங்கடம். சமுதாயக் கல்லூரிகளில் பெரும்பாலும் வெள்ளி இடைவேளையை நீட்டிவிடுகிறார்கள். மற்ற கல்லூரிகளில் பிள்ளை சேர்ந்த முதல் வாரத்திலேயே துறைத் தலைவரைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. நாம் அறிந்தவரை, முன்கூட்டி மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. ஆறு மாதம் சொல்லாமல் வகுப்பைவிட்டுப் போய்வந்து, 75 சதவீத வருகைப்பதிவு இல்லை என்று பட்டியல் ஒட்டிய பிறகு ஓடிப்போய் நின்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

மாலைப் பிரிவு பல ஊர்களில் ஐந்தரை அல்லது ஆறு மணிக்கு முடிகிறது. நவம்பரில் சென்னையில் 5.40 அளவில் சூரியன் மறைந்துவிடும். மஃரிபும் போய், கடைசி நேரடிப் பேருந்தும் போய்விட்டது என்ற நிலை வந்தால், இரண்டாம் ஆண்டில் பெண்பிள்ளையின் படிப்பை வீட்டார் நிறுத்துகிறார்கள். நிறுத்தியவர்கள் கெட்ட எண்ணத்தில் நிறுத்தவில்லை. ஆனால் பேருந்து நேரத்தை ஜூன் மாதமே பார்த்திருந்தால் காலைப் பிரிவிலோ வேறு கல்லூரியிலோ சேர்த்திருக்கலாம். கல்லூரிப் பேருந்து உண்டு என்று விளம்பரத்தில் இருந்தால், எந்த ஷிஃப்டுக்கு என்று கேளுங்கள்.

மதரஸாவில் ஓதிக்கொண்டே பட்டம் படிக்கும் மாணவர்களுக்கும் இந்த நேரம்தான் உயிர்நாடி. நாம் ஓதிய காலத்தில் காலையில் கிதாப், பிற்பகலில் கல்லூரி என்று சைக்கிளில் ஓடினோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில், நேரம் மோதாமல் இருந்தால் ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்கலாம் என்று அனுமதித்தது. மதரஸா ஸனது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல என்பதால் அந்த விதி நமக்குத் தேவைகூட இல்லை. நேரம் மோதக் கூடாது, அவ்வளவே. காலைப் பிரிவைத் திடீரென்று மாலைக்கு மாற்றும் கல்லூரிகளால் இந்தப் பிள்ளைகள்தான் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். இன்னொன்று: பத்து, பிளஸ் 2, அதன்பின் பட்டம் என்ற வரிசை இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. நம்மோடு ஓதிய சிலர் இது தெரியாமல் பட்டம் வாங்கி வைத்திருக்கிறார்கள். மதரஸாவில் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் பிளஸ் 2வைத் தவிர்க்க விடாதீர்கள்.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக. பாடத்திட்டம் மாறினால் புதிதாகச் சேர்பவர்களுக்குத்தான் பொருந்தும். பழைய மாணவர்கள் பழையதிலேயே முடிக்கலாம். ஆனால் அரியர் வைத்தவர்களுக்குப் பழைய பாடத்திட்டத்தில் சில முறைதான் தேர்வு நடத்துவார்கள். நம் வகுப்புத் தோழர் ஒருவர் ஒரே ஒரு தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெளிநாடு போனார். திரும்பி வந்தபோது அந்தத் தாளே இல்லை. புதிய பாடத்தைப் படித்து எழுத வேண்டியதாயிற்று. கல்லூரி மூடிய பாடமாக இருந்தால் சொல்லித்தரவும் ஆள் இருக்காது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. தொலைதூரக் கல்விக்கு இல்லை. பாடம் கிடைக்கவில்லை என்று அஞ்சல்வழிக்கு மாறும் முன் இதையும் யோசியுங்கள்.

அந்தச் சகோதரரிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்பினோம். பல்கலைக்கழக அனுமதி உண்டா, இந்தப் பட்டத்தோடு கணித ஆசிரியருக்கான பி.எட். சேர முடியுமா, இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா. முதல் கேள்விக்கு அனுமதிக் கடிதத்தையே எடுத்துக் காட்டினார்களாம். மற்ற இரண்டுக்கும் அலுவலகத்தில் பதில் இல்லை. துறையில் இருந்த இளம் பேராசிரியை ஒருவர்தான் மனம் திறந்து, "மென்பொருள் வேலைக்கு என்றால் தாராளமாகச் சேருங்கள். டீச்சராகணும் என்றால் கணிதமே எடுக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்கு இணையத்தில் விண்ணப்பித்தார்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீட்டில் அந்தப் பிள்ளைக்கு பி.எஸ்சி. கணிதம் கிடைத்தது. ஊரிலிருந்து கொஞ்சம் தூரம். காலை 7.10க்கு ஒரு பேருந்து இருக்கிறது, மதியம் இரண்டரைக்குள் வீடு திரும்பிவிடுகிறாள்.